6 வயதுக்குள் மூழ்கிய ஊர்: எழுதுபவரே சொந்தக்காரர் என்றால் கதை என்ன ஆகும்?

மழை வலுத்தால் போதும், '71 அடி வைகை அணையின் நீர்மட்டம் இன்று இவ்வளவு' என்று மொபைலில் செய்தி வந்துவிடும். மதுரைக்காரருக்கு அது குடிதண்ணீர்க் கணக்கு. ராமநாதபுரம் வரை உள்ள விவசாயிக்குப் பாசனக் கணக்கு. ஆண்டிபட்டி பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்கோ, அந்தத் தண்ணிக்கு அடியில் ஒரு வீடு இருக்கிறது.

1959 ஜனவரி 21-ல் திறக்கப்பட்ட இந்த அணைக்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களில் ஒன்று மெட்டூர். கவிஞர் வைரமுத்து பிறந்த ஊர். அவரது குடும்பம் வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. 2001-ல் ஆனந்த விகடனில் அவர் தொடராக எழுதிய 'கள்ளிக்காட்டு இதிகாசம்' சொன்னது இந்த இழப்பைத்தான். 2003-ல் சாகித்ய அகாடமி விருதும் வாங்கியது.

கடையில் அது நாவல் அடுக்கில்தான் இருக்கும். ஆனா, பேயத்தேவரைக் கற்பனை மனிதராக நினைத்துப் படிப்பது கஷ்டம். யாரோ ஒரு தாத்தாவின் வாழ்க்கை வரலாறு மாதிரிதான் மனசில் ஏறும். எழுதியவரும் தண்ணீரில் ஊரைப் பறிகொடுத்தவர் என்பது தெரிந்தே படிக்கிறோம், இல்லையா?

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். வைரமுத்து பிறந்தது 1953 ஜூலை. அணை திறந்தபோது அவருக்கு 6 வயதுகூட முடியவில்லை. ஆக, கதையில் வரும் ஊர் அவர் கண்ணால் பார்த்ததைவிட, பெரியவர்கள் சொல்லிக் கேட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்க முடியும். இது குறை இல்லை. வெளியிலிருந்து வருபவர் எத்தனை ஏக்கர், எவ்வளவு இழப்பீடு என்று கோப்பைப் புரட்டுவார். வானம் பார்த்த பூமியில் கிணறு வெட்டுவது என்றால் என்ன என்பது அந்தக் கோப்பில் இருக்காது.

அதே சொந்தம் கதையை ஒரு பக்கம் சாய்க்கவும் செய்யும். மதுரைத் தெருக்குழாயில் வந்த தண்ணி இந்தக் கதைக்குள் வராது. நாவலிடம் அதைக் கேட்பது அபத்தம். இதே விஷயத்தை உண்மை வரலாறாக எழுதுகிறேன் என்று ஒருவர் உட்கார்ந்தால் கேட்டே ஆக வேண்டும்.

பாசத்தோடு எழுதியும் ஏமாற்றாதவர்கள் உண்டு. உ.வே.சாமிநாதையர் தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-ல் சேர்ந்து, 1876-ல் அவர் மறையும் வரை படித்தார். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1930-களில் அவர் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பக்திக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அந்த மகாவித்துவான் பட்ட கடனும் பணக்கஷ்டமும் மறைக்கப்படவில்லை.

வைகைக் கரையில் வெளியேறியபோது 15 வயதாக இருந்தவர்கள் இப்போது 80-ஐத் தாண்டிவிட்டார்கள். பேரன் பேத்திகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். கையில் ரெக்கார்டர் உள்ள போன் இருக்கிறது. அவர்கள் எழுதினால்தான் உண்டு. இழப்பீட்டுப் பணத்துக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்டதை எழுத அந்தக் கை தயங்கும். 'இவர் என் அப்பாவின் அப்பா' என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாம். தாத்தா கண்ணால் பார்த்தது எது, அவரே கேள்விப்பட்டது எது என்று பிரித்துக் காட்டலாம். பழைய பட்டாவோடு ஒத்துப் பார்க்கலாம். அடுத்த தெருத் தாத்தாவிடமும் ஒரு சாயங்காலம் போய் உட்காரலாம். அவர் வேறு மாதிரி சொன்னால் அதையும் அப்படியே போடலாம்.

அந்த அடுத்த தெருத் தாத்தாவுக்கு நிலமே இல்லாமல் இருந்திருக்கலாம். இழப்பீட்டுக் கோப்பு பட்டாதாரரைத்தான் தேடும். கூலிக்குப் போனவர், மாடு மேய்த்தவர், குடிசையோடு கிளம்பியவர் பெயரெல்லாம் எந்தத் தாளிலும் ஏறாமலே போயிருக்கலாம். அவரும் அந்த ஊரில்தான் இருந்தார் என்பதற்கு அவர் வீட்டார் ஞாபகம் மட்டும்தான் சாட்சி.