கூப்பிட முடியாத நம்பரை எதுக்குய்யா அச்சடிக்கறீங்க?

பர்ஸ்ல இருந்து உங்க ஏடிஎம் கார்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க மக்களே. கார்டு தொலைஞ்சா கூப்பிடச் சொல்லி ஒரு நம்பர் இருக்கும். 1800-ல ஆரம்பிக்குதா? வேற நம்பர் எதுவும் இல்லையா? அப்படின்னா உள்ளூர்ல இருக்கற வரைக்கும் உங்களுக்குக் கவலை இல்லை. கடல் தாண்டிட்டீங்கன்னா அந்த நம்பர் வெறும் டிசைன்தான்.

2024 டிசம்பர்ல இதை அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இத்தனை நாள் கழிச்சும் நினைச்சா எரிச்சலா வருது, அதான் எழுதறேன்.

சித்தி வீட்டு கிரகப்பிரவேசத்துக்காக அம்மாவும் நானும் மலேசியா போயிருந்தோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கலை, மதுரையிலேயே இருந்துட்டார். சித்தி வீடு கிள்ளான்ல. ஒரு நாள் பத்துமலை முருகனைப் பார்த்துட்டு ரயில்ல திரும்பி, கிள்ளான் ரயிலுக்கு மாற கேஎல் சென்ட்ரல்ல நின்னுட்டிருந்தோம். அப்போ அம்மா போனுக்கு ஒரு எஸ்எம்எஸ்.

"என்னடா இது, நான் ஒண்ணும் வாங்கலையே?"

ஏதோ ஒரு வெளிநாட்டு வெப்சைட்ல 18,400 ரூபாய் போயிருக்கு. ஓடிபி எதுவும் வரலை. கார்டு அம்மா கைப்பையிலதான் இருக்கு. மலேசிய நேரம் ராத்திரி 7:35, நம்ம ஊர்ல 5:05.

கார்டைத் திருப்பி அந்த 1800 நம்பரை அம்மா போன்ல அடிச்சேன். மலாய்ல ஒரு அம்மணி என்னமோ சொன்னாங்க, அடுத்து இங்கிலீஷ்ல அதையே சொன்னாங்க: அப்படி ஒரு நம்பர் இல்லை. முன்னாடி +91 போட்டு அடிச்சேன். அப்பவும் போகலை. அதுக்குள்ள ரெண்டாவது எஸ்எம்எஸ். இன்னொரு 18,400.

என் போன்ல இருந்தது டேட்டா மட்டும் வர்ற இ-சிம். நெட் வரும், கால் போகாது. அதை வச்சு வங்கியோட வெப்சைட்டைத் துழாவி, நாலு பக்கம் தள்ளி ஒரு மூலையில வெளிநாட்டுல இருந்து கூப்பிடறதுக்கான +91 நம்பரைக் கண்டுபிடிச்சேன். சாதாரண நம்பர், அதாவது நம்ம காசு. அம்மாவோட ப்ரீபெய்ட் சிம்ல 600 ரூபாய் பேலன்ஸ் இருந்தது, ரோமிங் பேக் எதுவும் போடலை. கால் போச்சு. தமிழுக்கு ஒண்ணு அமுக்கினோம். கார்டுக்கு ரெண்டு அமுக்கினோம். உங்களுக்குப் பர்சனல் லோன் ரெடியா இருக்குன்னு ஒரு விளம்பரம் ஓடுச்சு (அதையும் நம்ம ரோமிங் காசுல கேக்கணும்!). உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானதுன்னு சொல்லிட்டு ம்யூசிக் போட்டாங்க. அந்த ம்யூசிக் ஓடும்போதே மூணாவது எஸ்எம்எஸ் வந்தது. அப்புறம் பேலன்ஸ் தீர்ந்து கால் கட் ஆயிடுச்சு.

வேற வழியில்லாம வாட்ஸ்அப்ல அப்பாவைப் பிடிச்சோம். அவர் மதுரையில இருந்து அதே 1800 நம்பரை அடிச்சார். நாலே நிமிஷத்துல ஆள் கிடைச்சுது.

"அக்கவுண்ட் ஹோல்டர்தான் பேசணும் சார்."

"அவங்க மலேசியாவுல இருக்காங்கம்மா. அங்கேருந்து உங்க நம்பர் போகலையாம்."

"அவங்களையே கூப்பிடச் சொல்லுங்க சார்."

கடைசியில அப்பா பக்கத்து வீட்டு அங்கிளோட போனை வாங்கி அதுல வங்கியைக் கூப்பிட்டு, தன் போன்ல அம்மாவை வாட்ஸ்அப்ல பிடிச்சு, ரெண்டையும் ஸ்பீக்கர்ல போட்டு ஒண்ணுக்கொண்ணு முகம் பார்க்க வச்சுட்டார். அம்மா கேஎல் சென்ட்ரல் கூட்டத்துல நின்னு பிறந்த தேதி, கார்டு நம்பர், ஓடிபி எல்லாத்தையும் கத்திக் கத்திச் சொன்னாங்க. கார்டை முடக்கினப்போ மணி 8:26. மொத்தம் 51 நிமிஷம்.

அப்புறம் அலைஞ்சு திரிஞ்சு பணம் முழுசா திரும்பிடுச்சு. அதையும் சொல்லிடணும். "அதான் வந்துடுச்சே, இன்னும் என்னடா?"ன்னு கேட்டான் என் கிளாஸ்மேட் ஒருத்தன். அவனுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல, அந்த நம்பர் ஏன் போகலை? டோல்-ஃப்ரீன்னா கூப்பிடறவருக்குப் பதிலா கூப்பிடப்படறவர் காசு கட்டறார்னு அர்த்தம். அதுக்கு அவர் தொலைபேசி கம்பெனியோட ஒப்பந்தம் போட்டிருக்கணும். நம்ம வங்கி இந்தியக் கம்பெனிகளோட போட்டிருக்கு. மலேசியக் கம்பெனி எந்தக் கணக்குல அந்தக் காலை எடுத்துட்டு வரும்? போதாக்குறைக்கு மலேசியாவுக்கும் சொந்தமா 1-800 நம்பர்கள் உண்டு. 1800ங்கறது உலகம் பூரா செல்லுபடியாகற நம்பர் இல்லை, ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ளூர் நம்பர்.

தீர்வு இல்லாத பிரச்சினையா இது? இல்லவே இல்லை. அமெரிக்க வங்கிகள் பலவும் வெளிநாட்டுல இருந்து கலெக்ட் கால் பண்றதுக்குன்னே தனி நம்பர் தர்றாங்க. கலெக்ட் கால்னா செலவு வங்கியோடது. பிரிட்டிஷ் வங்கிகளோட கார்டுகள்ல +44-ல ஆரம்பிக்கற நம்பரைப் பார்க்கலாம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் +800-னு தொடங்கி எட்டு இலக்கம் வர்ற சர்வதேச இலவச நம்பர்களையே வச்சிருக்கு. எல்லா நாட்டுலயும் அது வேலை செய்யாதுதான், ஆனா ஏற்பாடுன்னு ஒண்ணு இருக்கு. வழி தெரியாம நம்ம வங்கி விட்டுடலை. செலவை நம்ம தலையில கட்டறது சுலபம், கட்டிடுச்சு.

இனிமேதான் முக்கியமான விஷயம்.

2017 ஜூலை 6-ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டுச்சு. நம்ம அனுமதி இல்லாம எலக்ட்ரானிக் முறையில பணம் போனா நஷ்டம் யாரோடதுன்னு சொல்ற சுற்றறிக்கை. தப்பு வங்கி மேலயும் இல்லை, நம்ம மேலயும் இல்லை, மூணாவது ஆள் வேலைன்னா, தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நமக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. நாலுல இருந்து ஏழு நாளுக்குள்ள சொன்னா நம்ம நஷ்டத்துக்கு ஒரு உச்சவரம்பு, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். அதையும் தாண்டினா வங்கியோட பாலிசிப்படி. நல்ல விதிதான், மறுக்கலை.

ஆனா அதே சுற்றறிக்கையில இன்னொண்ணும் இருக்கு. வாடிக்கையாளரோட கவனக்குறைவால பணம் போயிருந்தா, வங்கிக்குச் சொல்ற வரைக்கும் போற மொத்தப் பணமும் வாடிக்கையாளர் நஷ்டம். சொன்னதுக்கு அப்புறம் போறது வங்கி நஷ்டம்.

இதை எங்க 51 நிமிஷத்தோட வச்சுப் பாருங்க. எங்க விஷயத்துல தப்பு எங்க மேல இல்லைன்னு முடிவாச்சு, தப்பிச்சோம். அதுவும் லேசுல இல்லை. "இன்டர்நேஷனல் வசதியை நீங்கதானே திறந்தீங்க?"ன்னு வங்கி முதல்ல எங்க பக்கமே திருப்பிச்சு. 2020-ல ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுல வெளிநாட்டு வசதி மூடியேதான் வரும், நாமதான் கேட்டுத் திறக்கணும். பயணம் போறவங்க திறக்காம என்ன பண்ணுவாங்க? ஒருவேளை அம்மா ஏதாவது போலி லிங்க்கைத் தொட்டு ஏமாந்திருந்தா? அந்த 51 நிமிஷத்துல போன ஒவ்வொரு ரூபாயும் எங்க நஷ்டம். நாங்க சும்மா இருந்ததால இல்லை. சொல்ல முயற்சி பண்ணிட்டே இருந்தும் வங்கி கதவைத் திறக்காததால. வங்கி ரெக்கார்டுல நாங்க சொன்ன நேரம் 8:26 மட்டும்தான். 7:35-க்கு அடிச்சு, போகாத கால் யார் ரெக்கார்டுலயும் இல்லை.

சொல்ற வரைக்கும் நஷ்டம் உன்னோடதுன்னு ஒரு விதி. சொல்றதுக்கான வாசலோ வங்கி கையில. வாசல் மூடியிருக்கற ஒவ்வொரு நிமிஷமும் அவங்களுக்கு லாபம். வேணும்னே மூடறாங்கன்னு சொல்லலை. திறக்கறதுக்கு அவங்களுக்கு அவசரம் எதுவும் இல்லைன்னு சொல்றேன்.

பேங்கிங் லா பேப்பர்ல ரெண்டு வழக்கு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? 1848-ல ஃபோலி எதிர் ஹில்: வங்கியில போட்ட பணத்துக்கு வங்கி கடனாளி, நாம கடன் கொடுத்தவங்க. 1933-ல க்ரீன்வுட் எதிர் மார்ட்டின்ஸ் பேங்க்: கையெழுத்து மோசடி நடக்குதுன்னு தெரிஞ்சா வாடிக்கையாளர் உடனே வங்கிக்குச் சொல்லணும், சொல்லாம மறைச்சா அப்புறம் பணம் கேக்க முடியாது. அஞ்சு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணோம். சொல்றது என் கடமைன்னா, சொன்னா கேக்கற இடத்துல இருக்கறது வங்கியோட கடமை இல்லையா? கடன் வாங்கினவர் வீட்டைப் பூட்டிட்டு, "நீங்க வந்து கதவைத் தட்டவே இல்லையே"ன்னு சொன்னா ஒத்துப்போமா?

அமெரிக்காவுல 1978-ல வந்த எலக்ட்ரானிக் பணப் பரிமாற்றச் சட்டத்துல, கார்டு தொலைஞ்சதைச் சொல்ல ரெண்டு வேலை நாள் கெடு. அதைத் தாண்டினா நம்ம நஷ்டத்தோட உச்சவரம்பு ஏறும். ஆனா நீண்ட பயணத்துல இருந்தாலோ, ஆஸ்பத்திரியில இருந்தாலோ அந்தக் கெடுவை நீட்டிக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. வெளியூர்ல இருக்கறவனுக்குச் சொல்றது கஷ்டம்னு அன்னிக்கே யோசிச்சிருக்காங்க. நம்ம 2017 சுற்றறிக்கையில அந்த மாதிரி ஒரு வரி இல்லை. வங்கி விரும்பினா நஷ்டத்தைத் தள்ளுபடி பண்ணலாம்னு மட்டும் இருக்கு. வங்கி விரும்பினா!

"ஆப்ல ஒரு பட்டனைத் தட்டினா கார்டு பிளாக் ஆயிடுமே, எதுக்கு போன்?"னு கேப்பீங்க. ஆப் இருக்கறவங்களுக்கு நல்ல வழிதான். எங்க அம்மாகிட்ட இல்லை, அவங்களுக்குக் கார்டும் பாஸ்புக்கும் போதும். அது குத்தமா? ஆப் இருந்தாலும், கைப்பையோட போனும் திருடு போச்சுன்னா? புது போன்ல ஆப்பைத் திறக்கணும்னா பதிவு பண்ணின சிம்ல இருந்து எஸ்எம்எஸ் போகணும். சிம் திருடன் கையில. கார்டும் போனும் சேர்ந்து போன அன்னிக்குத்தானே யாரோ ஒருத்தர் போனைக் கடன் வாங்கியாவது கூப்பிட ஒரு நம்பர் வேணும்?

எஸ்எம்எஸ்ஸுக்கு ரிப்ளை பண்ணலாமா? எச்சரிக்கை எஸ்எம்எஸ்ஸுக்கு அப்படியே பதில் அனுப்பி ஆட்சேபம் சொல்ல வசதி வேணும்னு அதே 2017 சுற்றறிக்கை சொல்லிச்சு. எங்களுக்கு வந்தது எழுத்துகளால ஆன பேர்ல இருந்து. அதுக்கு ரிப்ளை போகாது, நானே முயற்சி பண்ணிப் பார்த்தேன்.

இன்னொரு வாதம்தான் எனக்கு ரத்தம் கொதிக்கற வாதம். "ஃபாரின் போறவனுக்கு ஒரு ஐஎஸ்டி கால் பெரிய செலவா?" ஃபாரின் போறவங்கன்னா டூரிஸ்ட் மட்டும்தானா? துபாய்ல கட்டட வேலைக்குப் போனவர் யாரு? சிங்கப்பூர் டார்மிட்டரியில இருக்கற நம்ம ஊர் அண்ணன் யாரு? குவைத்ல வீட்டு வேலை பார்க்கற அக்கா யாரு? மாசாமாசம் ஊருக்குப் பணம் அனுப்பி வங்கியோட டெபாசிட்டை நிரப்பறவங்க அவங்கதான். கணக்குத் திறக்க வைக்க மட்டும் ஊருக்கு ஊர் விளம்பரப் பலகை. பணம் திருடு போற அன்னிக்கு ம்யூசிக்.

நான் கேக்கறது பெரிசா எதுவும் இல்லை.

ஒண்ணு, கார்டோட பின்பக்கம் +91-ல ஆரம்பிக்கற நம்பரையும் சேர்த்து அச்சடிங்க. அச்சு மை செலவு மட்டும்தான்.

ரெண்டு, அந்த லைன்ல கார்டை முடக்கறதுதான் முதல் ஆப்ஷனா இருக்கணும். லோன் விளம்பரம் கூடவே கூடாது. கால் கட் ஆனா நீங்க திருப்பிக் கூப்பிடுங்க, எங்க நம்பர் உங்ககிட்ட இருக்கே.

மூணு, முடக்கறதுக்கு யார் சொன்னாலும் தற்காலிகமா முடக்குங்க. தப்பா முடக்கினா ஒருத்தருக்கு ஒரு மணி நேரத் தொந்தரவு. முடக்காம விட்டா கணக்கே காலி.

நாலு, ரிசர்வ் வங்கிக்கு: வாடிக்கையாளர் முதல்ல முயற்சி பண்ணின நேரத்தைச் சொன்ன நேரமா எடுத்துக்கச் சொல்லுங்க. போன்ல கால் லாக் இருக்கு, ஆதாரம் வேணும்னா அதைப் பாருங்க. அந்த ஒரு வரி வந்தா, கதவைத் திறக்கற அவசரம் வங்கிகளுக்குத் தன்னால வந்துடும்.

அம்மா இப்பவும் அதே வங்கியிலதான் கணக்கு வச்சிருக்காங்க. புதுக் கார்டும் வந்துடுச்சு. திருப்பிப் பார்த்தேன். 1800.

பி.கு: வெளிநாடு கிளம்பறவங்க +91 நம்பரை வங்கியோட வெப்சைட்ல இருந்து எடுத்து, போன்ல மட்டும் இல்லாம ஒரு பேப்பர்லயும் எழுதிக்கோங்க. அவசரத்துல கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீங்க, போலி நம்பர் போட்டு வச்சுட்டு அதுக்குன்னே காத்திருக்கற கும்பல் இருக்கு. வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான லிமிட்டைக் குறைச்சு வச்சுக்கோங்க. கடையில தேய்க்க மட்டும்தான் வேணும்னா ஆன்லைனை மூடியே வைக்கச் சொல்லுங்க. ரோமிங்ல பேச ஒரு சின்ன பேக்காவது போட்டுக்கோங்க. இல்லைன்னா ரெண்டு போன் வச்சிருக்கற அப்பா ஒருத்தர் ஊர்ல ரெடியா இருக்கணும் :-)