சுயாதீனத் தொழில் என்னும் மாயை

அண்மைக் காலத்தில் வேலையற்ற இளைஞருக்குக் கூறப்படும் ஆறுதல் வார்த்தைகளுள் முதலிடம் பெறுவது, வீட்டிலிருந்தவாறே வெளிநாட்டாருக்கு வேலை செய்து டொலரிற் சம்பாதிக்கலாம் என்பதாகும். கணினி ஒன்றும் இணைய இணைப்பும் இருந்தாற் போதும். மேலதிகாரி இல்லை, அலுவலக நேரம் இல்லை, ஊர்விட்டு ஊர் போகவேண்டியதில்லை, உழைப்பவர் தமக்குத் தாமே எசமானர் என்கின்றனர். இத்தகையோருக்குச் ‘சுயாதீனத் தொழிலாளர்’ என்றும், தூரத்திலிருந்து ஒருவரது கடிதப் போக்குவரத்து, கணக்கு, சந்திப்பு ஒழுங்குகள் முதலியவற்றைக் கவனித்துக் கொடுப்போருக்கு ‘மெய்நிகர் உதவியாளர்’ என்றும் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இவர்களிடம் திறம்பட வேலை வாங்குவது எப்படி என்று கூறும் நூல்களும் பயிற்சி வகுப்புகளும் இன்று மலிந்து கிடக்கின்றன. ஆனால் வேலை செய்பவருக்கு அவ்வேலையால் ஏற்படும் செலவு யாது, இழப்பு யாது என்பது பற்றி இவ்வறிவுரைகளில் ஒரு வரியேனும் காண்பது அரிது. வேலையின் தரம் ஒரு பிரச்சினை, வேலை செய்பவரின் நிலை வேறொரு பிரச்சினை என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். உண்மையில் இரண்டும் ஒரே பிரச்சினையே. வேலை கொடுப்பவர் தமது பொறுப்பை எந்த இடத்தில் மற்றவர் தலையிற் சுமத்துகின்றாரோ, அந்த இடத்திலேயே வேலையும் கெடத் தொடங்குகின்றது.

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள மாம்புரியை எடுத்துக்கொள்ளலாம். ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. கரைவலையும், கிணற்று நீரை இறைத்துச் செய்யும் வெங்காய, மிளகாய்ச் செய்கையும் அப்பகுதி மக்களின் பிழைப்புக்கு நெடுங்காலமாக ஆதாரமாயுள்ளன. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இக்குடாநாட்டிலும் புத்தளம் மாவட்டத்தின் ஏனைய பகுதிகளிலுமே வந்து குடியமர்ந்தனர். தோட்டமும் வள்ளமும் இல்லாத குடும்பமொன்றிற் பிறந்து, உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி, பல்கலைக்கழக அனுமதி கிட்டாது நிற்கும் ஒரு பிள்ளைக்கு இணைய வேலை கவர்ச்சியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபா வரை உயர்ந்தபோது அக்கவர்ச்சி பன்மடங்காயிற்று. இக்கவர்ச்சியைப் பேராசை என்று பழிப்பது, மாதந்தோறும் சம்பளம் பெறுவோருக்கு மட்டுமே இயலக்கூடிய காரியம்.

அத்தகைய பெண் ஒருத்தி நியூயோர்க் நகரத்துச் சிறு வியாபாரி ஒருவருக்கு உதவியாளராகின்றாள் என வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அந்நகரின் காலை 9 மணி, மாம்புரியில் இரவு 7.30. அங்கு மாலை 5 மணிக்குக் கடை மூடப்படும்பொழுது இங்கு அதிகாலை 3.30. அலுவலக நேரம் இல்லை என்ற கூற்றின் பெறுமதி இவ்வளவே. அலுவலக நேரம் உண்டு. ஆயின் அது வேறோர் ஊரின் நேரம்.

இருவரையும் இணைக்கும் இணையத்தளங்களின் இயல்பும் நோக்கத்தக்கது. 2010இல் இஸ்ரேலில் தோன்றிய ஃபைவர் நிறுவனம், வேலை செய்பவர் பெறும் கூலியில் 20 சதவீதத்தைத் தனக்கென எடுத்துக்கொள்கின்றது. 50 டொலர் வேலையில் உழைத்தவர் காண்பது 40 டொலர். அதுவும் வேலை நிறைவுற்றுப் பெரும்பாலோருக்கு 14 நாட்கள் கழித்தே கைக்கெட்டும். வேலை கொடுப்பவரிடமும் தனியாகக் கட்டணம் அறவிடப்படுகின்றது. அப்வேர்க் என்னும் மற்றைய நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பிப்பதற்கே விலை கொடுத்து வாங்கும் வில்லைகள் தேவை. வேலை கிடைத்தாலென்ன, கிடைக்காவிட்டாலென்ன, வில்லையின் காசு போனது போனதே. மணித்தியாலக் கூலிக்கு உத்தரவாதம் வேண்டுமாயின் அந்நிறுவனத்தின் மென்பொருளைத் தம் கணினியில் இயங்கவிட வேண்டும். அது 10 நிமிடத்திற்கு ஒரு தடவை திரையைப் படம்பிடித்து வேலை கொடுத்தவருக்குக் காட்டுகின்றது. விசைகள் எத்தனை முறை அழுத்தப்பட்டன என்பதையும் எண்ணி வைக்கின்றது. மேலதிகாரி இல்லாத தொழில் என்று வருணிக்கப்படுவது இதுதான். தொழிற்சாலை மேற்பார்வையாளனாயினும் தேநீர் குடிக்க அப்பாற் செல்வான்.

மலையகத் தோட்டங்களின் வரலாற்றைக் கற்றோருக்கு இவ்வொழுங்கு புதியதாகத் தோன்றமாட்டாது. வேலைக்கு வந்த தொழிலாளரின் தலைகளைக் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தலைக்காசு வழங்கப்பட்டது. மண்ணைக் கொத்தாமலும் கொழுந்து கிள்ளாமலும், ஆளையும் தோட்டத்தையும் இணைத்ததற்காகவே கங்காணி பெற்ற வருவாய் அது. தொழிலாளியின் கடன் இவ்வளவு எனக் குறித்த ‘துண்டு’ கையில் இல்லாமல் அவன் வேறு தோட்டத்திற் சேர முடியாதிருந்தது. அம்முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. இன்றைய இணையத் தொழிலாளியைக் கடன் பிணிக்கவில்லை, எவரும் அடிக்கவுமில்லை. இவ்வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. எனினும் ஐந்தாறு ஆண்டுகள் இரவு பகலாக உழைத்துச் சேர்த்த நட்சத்திரங்களும் நற்சான்றுகளும் அந்தத் தளத்திற்குள்ளேயே முடங்கிக் கிடக்கின்றன. தரகு அதிகமென்று வேறிடம் செல்பவர் மீண்டும் பெயரற்றவராய், முதல் நாள் கூலிக்கே தொடங்கவேண்டியவராகின்றார். பழைய துண்டில் எழுதப்பட்டிருந்தது கடன். புதிய துண்டில் எழுதப்பட்டிருப்பது நற்பெயர். வெளியேறுவதைக் கடினமாக்கும் பணியை இரண்டும் செய்கின்றன.

இழப்பை யார் தாங்குவது என்ற கேள்விக்கு மின்சாரம் நல்லதோர் உதாரணம். மாம்புரிக் கரையில் 2010ஆம் ஆண்டு முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. அதன் அயலிலுள்ள நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் இன்று 900 மெகாவாற்று வலுவுடையது. நாட்டிற்கு ஒளியூட்டும் இக்கரையும் 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் 13 மணித்தியாலம் வரை நீடித்த மின்வெட்டுக்குத் தப்பவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியபோது, பாணந்துறை உப மின்நிலையத்திற் புகுந்த குரங்கே காரணம் என அமைச்சர் கூறினார். குரங்கின் மீது பழிபோட அமைச்சருக்கு வசதியுண்டு. கெடு தவறிய உதவியாளர் யார் மீது பழிபோடுவார்? அலுவலகமொன்றில் மின்சாரம் தடைப்பட்டால் ஊழியரின் அன்றைய சம்பளம் வெட்டப்படுவதில்லை. அது நிறுவனத்தின் இழப்பு. இங்கோ கணினி, மின்சாரம், இணையக் கட்டணம், நோய், குரங்கு யாவும் தொழிலாளியின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. இவையனைத்தையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு அவரைச் சுயாதீனமானவர் என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் அநீதியுமாகும்.

சட்டமும் இச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் துண்டுக்கூலி பெறுவோரையும் உள்ளடக்கியது. தொழில் கொள்வோர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்தவேண்டும். 1980இன் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டமும் 1983இன் பணிக்கொடைச் சட்டமும் பின்னர் வந்தவை. கரைவலைத் தொழிலில் சம்மாட்டியின் முற்பணம் தொழிலாளியைக் கட்டிப்போடுவதுண்டு; அதனைப் புகழ்வதற்கில்லை. ஆயினும் பட்ட மீனின் விலையும் அவரவர் பங்கும் கரையிலே பலர் அறியக் கணக்கிடப்படுகின்றன. 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் மீனவருக்கென ஓர் ஓய்வூதியத் திட்டத்தையும், ஏட்டளவிலேனும், உருவாக்கியது. இணையத்தில் உழைப்போரைத் தொழிலாளராகக் கருதும் சட்டம் எதுவும் இங்கு இல்லை. ஆனால் இறைவரிச் சட்டம் அவர்களைக் கண்டுகொண்டது. 2025 ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து, வெளிநாட்டாருக்குச் சேவை வழங்கி வங்கி மூலம் கொண்டுவரும் வருமானத்துக்கு 15 சதவீதம் வரை வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானம் வரிக்கு உட்படாது என்பதால் சிறிய வருவாயினர் தப்பினர். வரி விதிப்பது தவறென்பது இங்கு வாதமன்று. வரி கேட்கும்போது கண்ணுக்குத் தெரிபவர், சேமலாப நிதி கேட்கும்போது மட்டும் தெரியாமற் போவது எங்ஙனம் என்பதே கேள்வி.

பிற நாடுகளில் இக்கேள்வி எழாமலில்லை. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இணையத்தள வழித் தொழிலாளர் என்னும் பிரிவைச் சட்டத்தில் இடம்பெறச் செய்தது. 2023இல் ராஜஸ்தான் தனிச் சட்டம் இயற்றியது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நெறிமுறையை ஏற்றது. 2025 ஜூன் மாதம் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு இதற்கென ஓர் உடன்படிக்கை வேண்டும் எனத் தீர்மானித்தது. ஆயினும் இம்முயற்சிகளுட் பலவற்றில் முன்னிற்பவர் வீதியில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசெல்பவரே. நள்ளிரவில் வீட்டு அறைக்குள் தட்டச்சுச் செய்பவர் எவர் கண்ணிலும் எளிதிற் படுவதில்லை.

பல்கலைக்கழகம் இதில் வெறும் பார்வையாளன் அன்று. ஆய்வுக்காக ஒலிப்பதிவு செய்யப்படும் நேர்காணல்களை எழுத்தில் வடிக்கும் வேலை இன்று பெருமளவில் இத்தகைய தொலைதூர உதவியாளரிடமே விடப்படுகின்றது. ஒரு மணித்தியாலப் பேச்சை எழுதப் பழகிய கைக்கும் நான்கு மணித்தியாலம் வரை செல்லும் என்பது இத்தொழிலிற் பொதுவான கணக்கு. கூலியோ பல வேளைகளிற் பேச்சின் நீளத்துக்கே பேசப்படுகின்றது. காற்றும் அலையும் இரைய, மூவர் ஒரே நேரத்திற் பேசிய பதிவுக்கும் அதே விலை. கற்பிட்டிக் கரையின் மீனவர் பேச்சைச் சென்னையிலுள்ள ஒருவரிடம் எவ்விதக் குறிப்புமின்றி அனுப்பினால் நேர்வது யாது? ‘வாடி’ என்பது மீனவர் தங்கும் குடிசை என்று அவர் அறியார். எவளையோ அழைப்பதாக எழுதிவைப்பார். வலையின் ‘மடி’ தாயின் மடியாகிவிடும். பின்னர் ஆய்வாளர் கோபங்கொண்டு, திருத்தித் தருமாறு மும்முறை திருப்பி அனுப்புவார். அத்திருத்தங்களுக்குக் கூலி இல்லை. உதவியாளர் திறமையற்றவர் என்று நட்சத்திரம் ஒன்றும் குறைக்கப்படும்.

இங்கே தவறியவர் யார்? பத்துப் பன்னிரண்டு வட்டாரச் சொற்களுக்குப் பொருளும், பேசியோரின் பெயர்ப் பட்டியலும், எழுதவேண்டிய முறைக்கு ஒரு பக்க மாதிரியும் முன்னரே கொடுக்கவேண்டியது வேலை கொடுத்தவரின் கடமை. அதைச் செய்ய அவருக்கு ஒரு மாலைப்பொழுது செலவாகியிருக்கும். அம்மாலைப்பொழுதை மிச்சம் பிடித்து மற்றவரின் மூன்று இரவுகளைச் செலவழித்தார். முதலில் ஐந்து நிமிடப் பதிவொன்றைக் கூலி கொடுத்தே எழுதுவித்துப் பார்த்திருந்தால் பிழை அன்றே தெரிந்திருக்கும். ஆனால் வழக்கம் யாதெனில், ‘மாதிரிக்கு’ என்று பலரிடம் இலவசமாக எழுதுவித்து வாங்குவது. எத்தனை தடவை திருத்தம் கேட்கலாம், அதற்கு மேற்பட்டால் என்ன கூலி, கெடு எந்த ஊர் நேரப்படி, பணம் எந்த நாளில் என்பனவெல்லாம் தொடக்கத்திலேயே எழுத்தில் அமையவேண்டும். மேலாண்மை நூல்கள் இவற்றைத் திறமையான முதலாளியின் நுட்பங்கள் என்று கற்பிக்கின்றன. முதலாளி என்பவர் தொடக்கத்திலிருந்தே செய்திருக்கவேண்டியவை இவை என்று எழுத அந்நூல்களுக்கு மனமில்லை.

இவ்வாறெல்லாம் நிபந்தனை விதித்தால் வேலை மணிலாவுக்கோ டாக்காவுக்கோ போய்விடும் என்பர். எல்லோராலும் செய்யக்கூடிய வேலையைப் பொறுத்தவரை இவ்வச்சத்தில் உண்மையுண்டு. தனியொரு நாட்டின் சட்டம் இங்கு போதாது என்பதையே அது காட்டுகின்றது. ஆனால் மாம்புரி மீனவரின் பேச்சு மணிலாவுக்குப் போகமாட்டாது. இயந்திரமே எழுதிவிடும் என்பது புதிய பயமுறுத்தல். இயந்திரம் எழுதட்டும், வாடியையும் மடியையும் அது குழப்பியதைக் கண்டு திருத்துவதற்கு அச்சொற்களோடு வாழ்ந்த ஒருவரே வேண்டும். இன்று அவருக்குத் ‘திருத்தம் மட்டும்தானே’ என்று பாதிக் கூலி பேசப்படுகின்றது. வேலையே இல்லாதவருக்கு இதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்போரும் உளர். பசித்தவன் எதையும் உண்பான் என்பதைச் சமையலுக்கு நியாயமாகக் கூறுவது போன்றது அது.

பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வு நிதிக்கான விண்ணப்பங்களில் எழுத்துவடிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் உரிய கூலியைப் பேச்சின் நீளத்தால் அல்லாது வேலை நேரத்தால் கணக்கிடும்படி ஒவ்வொரு பீடமும் விதிக்கலாம். ஆய்வு நெறிக் குழுக்கள், நேர்காணலுக்கு உட்பட்டோரின் சம்மதத்தைக் கேட்கும் அதே படிவத்தில், அப்பேச்சை எழுதுபவர் யார், அவருக்கு என்ன கொடுக்கப்படும் என்றும் கேட்கலாம். தமிழ்ச் சங்கங்களும் கரையோர, மலையக, கிழக்கு வழக்குச் சொற்களைத் தொகுத்து எழுத்துவடிப்போருக்கு வழங்கலாம். ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கத்தில் மேற்பார்வையாளர், நூலகர், பெற்றோர், நண்பர், ஒலிப்பதிவுக் கருவியை இரவல் தந்தவர் ஆகிய அனைவரது பெயர்களும் வருகின்றன. இருநூறு பக்கப் பேச்சைக் கேட்டு எழுதியவரின் பெயருக்கும் அங்கே ஒரு வரி இடமுண்டு.