முகம் தெரிந்தால் போதுமா?

தெருமுனையில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரருக்கு அந்தத் தெருவில் எல்லாரையும் தெரியும். யார் மகன் எந்த வகுப்பில் படிக்கிறான், யார் வீட்டில் கல்யாணம், யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார், எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"என் வாடிக்கைக்காரர்களை எனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்பார்.

முகம் தெரியும். பெயர் தெரியும். ஆனால் அவர்களுடைய தேவை தெரியுமா? அதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை கண்ட ஒருவர் கடலூரில் இருந்தார். அவர் பெயர் சின்னிகிருஷ்ணன்.

சின்னப் பொட்டலம்

அப்போது முகத்துக்குப் பூசும் பவுடர் தகர டப்பாவில் வரும். டப்பா வாங்கக் காசு உள்ளவர் பூசினார். இல்லாதவர் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னிகிருஷ்ணன் அந்தப் பவுடரை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று பொட்டலமாகப் போட்டார். பேதி உப்பை 5 கிராம் பொட்டலமாகவும் விற்றார். கூலிக்காரரும் ரிக்ஷாக்காரரும் வாங்கும்படி தம் சரக்கு இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

அதில் ஒரு கணக்கு இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் ஒன்றாம் தேதி மொத்தமாகச் சாமான் வாங்குவார். தினக்கூலிக்காரர் கையில் சாயங்காலம்தான் காசு வரும். அதில் அரிசி வாங்க வேண்டும். பருப்பு வாங்க வேண்டும். மிஞ்சுவது கொஞ்சம்தான். அவரிடம் போய், "பெரிய டப்பா வாங்கினால் லாபம்" என்று சொல்லி என்ன பயன்? லாபமாக வாங்குவதற்கும் முதலில் பணம் வேண்டும் அல்லவா?

சின்னிகிருஷ்ணனுக்கு யோசனைகள் நிறைய. ஆனால் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கும் வழி கைகூடவில்லை. அதை அவருடைய மகனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

மல்லிகை வாசனை

தந்தை மறைந்த பிறகு, பிள்ளைகள் 'வெல்வெட்' என்ற ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்து விற்றார்கள். அவர்களில் ஒருவரான சி. கே. ரங்கநாதன் தனியே பிரிந்தார். 1983ஆம் ஆண்டில் 15 ஆயிரம் ரூபாய் முதலில் தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரை நினைவூட்டும்படி தம் ஷாம்புவுக்கு 'சிக்' என்று பெயர் வைத்தார்.

கிராமத்து ஜனங்களுக்கு ஷாம்பு புதிது. சீயக்காயும் அரப்பும்தான் அவர்கள் அறிந்தவை. ஆகவே சிக் ஷாம்பு கிராமத்துக்கே போனது. ஊரார் முன்னிலையில் ஒரு பையனுக்குத் தலை அலசிக் காட்டினார்கள். "தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்" என்றார்கள்.

எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, 5 காலி உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம் என்ற திட்டமும் வந்தது. பிறகு மல்லிகை, ரோஜா வாசனைகள் சேர்ந்தன. தினமும் தலையில் பூ வைக்கும் பெண்களுக்கு அந்த வாசனை பிடிக்காமல் போகுமா? விற்பனை பெருகியது. அந்தச் சின்னத் தொழில்தான் பின்னாளில் 'கெவின்கேர்' என்ற பெரிய கம்பெனி ஆயிற்று.

நோட்டில் உள்ள பெயர்

எல்லாரும் பெரிய கம்பெனி நடத்த முடியாது. ஆனால் இந்தப் பாடம் டீக்கடைக்கும் பொருந்தும். தையல் கடைக்கும் பொருந்தும்.

கட்டட வேலை முடிந்து ஆட்கள் இரவு 8 மணிக்கு வருகிறார்கள். கடை 7 மணிக்கே சாத்தியிருந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் பென்சிலும் ரப்பரும் இல்லாவிட்டால் பிள்ளைகள் அங்கே ஏன் நுழைவார்கள்? தனக்குப் பிடித்த சரக்கை அடுக்கி வைத்துவிட்டு, "வியாபாரம் இல்லை" என்று விதியை நோவதில் பயன் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கடன் வாங்கிய ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்திவிடுகிறார். அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார். வேறு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். "ஏமாற்றிவிட்டார்" என்று கடைக்காரர் கோபப்படுகிறார். ஏமாற்றுகிறவர்களும் உண்டுதான். ஆனால் பல பேரைத் தடுப்பது வெட்கம். பாக்கியைக் கட்ட முடியாமல் எப்படி முகத்தில் விழிப்பது என்ற வெட்கம்! "பழைய பாக்கி மெதுவாக வரட்டும். நீங்கள் வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆளும் வருவார், பாக்கியும் வரும்.

இன்று பெரிய கடைகள் வந்துவிட்டன. போனில் சொன்னால் சாமான் வீட்டுக்கே வருகிறது. பெரிய கடையின் கம்ப்யூட்டருக்கு, யார் என்ன வாங்கினார் என்று தெரியும். ஆனால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போய்விட்டது என்று அதற்குத் தெரியாது. தெருமுனைக் கடைக்காரரால் அதைக் கேட்டு அறிய முடியும். விலையில் அவர் பெரிய கடையோடு போட்டி போட முடியாது. இதில் முடியும்.

இன்று இரவு கடை சாத்தும் முன்பு அவர் தம் நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். ஒரு மாதமாக வராதவர் யார்? நாளைக்கே அவரைத் தேடிப் போய், "ஏன் வரவில்லை?" என்று அன்போடு கேட்கட்டும். கேட்டுவிட்டு, பதிலைப் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்கட்டும்.