கறுத்தது முகமல்ல!

திருமணத்திலும் திருவிழாவிலும் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நான் இவ்வளவு கறுப்பா?" என்று முகம் வாடிப்போகும் பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர். பக்கத்தில் இருக்கும் அத்தை சும்மா இருப்பாரா? "வெயிலில் அலையாதே என்று எத்தனை தடவை சொன்னேன்!" என்பார். உண்மையில் குற்றம் பிள்ளையின் முகத்திலும் இல்லை, வெயிலிலும் இல்லை. கேமரா வெளிச்சத்தை அளந்த விதத்தில் இருக்கிறது. இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி. கைப்பேசிக்குள் டிஜிட்டல் கேமரா. அதன் பாஷையில் ஐந்தாறு சொற்களைத் தெரிந்துகொண்டால் இந்த மனக்குறை தீரும்.

முதல் சொல் பிக்சல். நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதில்லையா? டிஜிட்டல் படமும் அப்படித்தான். எண்ணற்ற வண்ணப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். 1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். அதன் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. அதுவும் கறுப்பு வெள்ளை. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது!

பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். கடைக்காரர் 50, 100 என்று எண்ணைக் காட்டி விலையைக் கூட்டுவார். ஆனால், நாம் சட்டம் போட்டு மாட்டும் நாலுக்கு ஆறு அங்குலப் படம் தெளிவாக விழ ஏறத்தாழ 2 மெகாபிக்சலே போதும். ஆகவே, எண்ணை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

படச்சுருள் இருந்த இடத்தில் இன்று இருப்பது சென்சர் என்னும் சிறு தகடு. அதன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதே எக்ஸ்போஷர். மங்கில் பால் நிறைவதை நினைத்துக்கொள்ளுங்கள். பால் தாரை எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் வடிந்தது என்பவைதானே கணக்கு? கேமராவில் வெளிச்சம் நுழையும் துவாரம் அப்பெர்ச்சர். அது திறந்திருக்கும் நேரம் ஷட்டர் வேகம். திடலில் ஓடும் பிள்ளையைப் பிடிக்க விநாடியில் 500இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு 60இல் ஒரு பங்கு போதும்.

மூன்றாவது ஐஎஸ்ஓ. வெளிச்சம் போதாதபோது கேமரா இந்த எண்ணைக் கூட்டிப் படத்தை வெளிச்சமாக்கும். பாலில் தண்ணீரைக் கலந்து அளவைக் கூட்டுவது போன்ற வேலைதான் இது. அளவு கூடும், தரம் குறையும்! விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் புறப்படும் அப்பாவைப் படமெடுத்தால் பொரிப்பொரியாகத் தெரிவது இதனால்தான்.

இனி முகத்துக்கு வருவோம். அளவெடுக்கும் கேமரா, எதிரே உள்ளது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். கோயில் வாசலில் அம்மாவை நிறுத்துகிறோம். பின்னால் வெள்ளை வெளேரென்று வானம். "வெளிச்சம் அதிகம்" என்று கேமரா குறைத்துவிடுகிறது. வானம் அழகாக விழும், அம்மாவின் முகம் இருண்டுவிடும்.

பரிகாரம் எளிது. திரையில் முகத்தின்மேல் விரலால் தொடுங்கள். பல கைப்பேசிகளில் பக்கத்திலேயே ஒரு சிறு சூரியன் தோன்றும். அதை மேலே நகர்த்தினால் முகம் தெளியும். அதைவிட நல்லது, ஆளைத் திருப்பி நிறுத்துவது. எங்கள் பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கும்போது பிள்ளைகளை மர நிழலில், முகம் திறந்த திடலைப் பார்க்கும்படி நிறுத்துவோம். அத்தனை பேர் கண்ணும் பளிச்சென்று விழும்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. வண்ணப் படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று நிறத்தை ஒழுங்கு செய்தார்கள். கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. பல நிறப் பெண்களும் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. அளவுகோலே கோணலாக இருந்தால், அளக்கப்பட்டவரைக் குறை சொல்லலாமா?

ஒரு வேண்டுகோள். முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரைப் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். அது வெளிச்சத்தைச் சரி செய்வதில்லை, ஆளையே மாற்றுகிறது. நாளைக்குப் பேரப்பிள்ளை ஆல்பத்தைப் புரட்டும்போது பாட்டியின் உண்மையான முகத்தை அல்லவா பார்க்க வேண்டும்?

கடைசியாக, கம்ப்ரெஷன், அதாவது படத்தைச் சுருக்குதல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும். அச்சடிக்கக் கடைக்கு அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். முழு அளவில் போய்ச் சேரும்.

வரும் ஞாயிறு மாலை பாட்டியை வீட்டு அஞ்சடியில், முகம் வெளியே பார்க்க உட்காரவைத்து ஒரு படம் எடுங்கள். முகத்தைத் தொட்டு, சூரியனைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியட்டும். அச்சடித்துச் சுவரில் மாட்டுங்கள்.