ஏழு வயது நோன்பாளி

ரமலான் பிறை தெரிந்த இரவில் நம் வீடுகளில் பெரியவர்களைவிடச் சிறியவர்களுக்கே குதூகலம் அதிகம். "அத்தா, என்னையும் ஸஹருக்கு எழுப்புங்கள்" என்று வாக்குறுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் ஆறு வயதுப் பிள்ளை படுக்கைக்குப் போகிறது. எழுப்பினால் அரைக்கண் திறந்து இரண்டு கவளம் உண்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உறங்கிவிடும். எழுப்பாவிட்டாலோ, காலையில் அது அழும் அழுகையில் தெருவே விழித்துக்கொள்ளும்.

இந்த ஆசையை என்ன செய்வது? ஓத வரும் பிள்ளைகளின் தாய்மார்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி இதுவே: "உஸ்தாத், இவனுக்கு ஏழு வயதாகிறது. முழு நோன்பு பிடிக்க விடலாமா?"

மார்க்கச் சட்டத்தில் குழப்பமில்லை. பருவமடையாத பிள்ளை மீது நோன்பு கடமையன்று. பாதியில் விட்டால் குற்றமுமில்லை. களாவும் இல்லை, கஃப்பாராவும் இல்லை. ஆயினும், தொழுகைக்குப் பழக்குவதுபோல நோன்புக்கும் பிள்ளைகளைப் பழக்கலாம், அவர்களுக்குத் தாங்கும் சக்தி இருக்குமானால், என்று அறிஞர்கள் கூறினர். நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் மனனம் செய்து வைத்திருக்கிறோம்.

தாங்கும் சக்தி என்பது வயதை மட்டும் பொறுத்ததன்று. பருவகாலத்தையும் பொறுத்தது. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். ஆதலால் ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. எனக்கு ஏழு வயதானபோது, 1986இல், நோன்பு மே மாதத்துக் கத்திரி வெயிலில் வந்தது. நண்பகலில் திண்ணைச் சிமெண்டுத் தரையில் நீர் தெளித்து, அதன்மேல் வெறும் வயிற்றை வைத்துப் படுத்துக் கிடந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். மிகச் சரியாக 33 ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே மே மாதத்தில் அதே நோன்பு திரும்பி வந்தது. இம்முறை படுத்துக் கிடந்தவர்கள் என் மாணவர்கள்.

நம் தஞ்சைப் பகுதியில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம் அளவுக்கே வேறுபாடு. லண்டன் நகரிலோ ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்குள்ள பிள்ளைக்கு நேரம் சோதனை. நம் பிள்ளைக்கு வெப்பமும் வியர்வையும் சோதனை. பசியைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். தாகந்தான் அவர்களைச் சாய்த்துவிடும். சிறிய உடலில் நீர் வற்றுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. உதடு வெடிப்பது, நெடுநேரம் சிறுநீர் கழியாமலிருப்பது, கண்ணீரில்லாமல் அழுவது, கூப்பிட்டால் மந்தமாகப் பார்ப்பது ஆகிய அடையாளங்களைக் கண்ட பிறகும், "இன்னும் ஒரு மணி நேரந்தானே, பொறுத்துக்கொள்" என்று சொல்வது மார்க்கப் பற்றாகாது. அந்நேரத்தில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுப்பதே நம் கடமை.

அந்த 2019ஆம் ஆண்டு ரமலானில், எட்டு வயது மாணவன் ஒருவன் பகல் வகுப்பில் குர்ஆனைத் திறந்து வைத்தபடி எழுத்துகளையே உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தான். வாய் அசையவில்லை. நோன்பை விட்டுவிடுமாறு சொன்னேன். மறுத்துத் தலையசைத்தான். காரணம் கேட்டபோது, "இன்றைக்கு இரவு அத்தா சவூதியிலிருந்து பேசுவாங்க. பத்து நோன்பு ஆயிடுச்சுன்னு சொல்லணும்" என்றான். ஒன்பது முடிந்து, அன்று பத்தாவது. ஆளனுப்பி அவன் தாயாரை வரவழைத்தேன். அந்தப் பெண்மணி கண்டிக்கவில்லை, கெஞ்சவுமில்லை. அருகில் உட்கார்ந்து, "இன்னிக்கு அரை நோன்பு, நாளைக்கு அரை நோன்பு. ரெண்டையும் சேர்த்துத் தைச்சுடலாம். அத்தாகிட்ட நானே சொல்றேன்" என்றார். பையன் சற்று யோசித்தான். பிறகு குவளையை வாங்கிக் குடித்தான். கல்லூரியில் நான் படித்த உளவியல் பாடத்தில் இதற்கு நிகரான ஒரு வரி இருந்ததாக நினைவில்லை.

ஸஹீஹ் புகாரியில் ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று உண்டு. ஆஷூரா நாளில் மதீனத்து அன்ஸாரித் தாய்மார்கள் தாங்களும் நோன்பு நோற்றுத் தங்கள் சிறு பிள்ளைகளையும் நோற்கச் செய்தார்கள். பிள்ளை உணவு கேட்டு அழும்போது, கம்பளியால் செய்துவைத்த விளையாட்டுப் பொருளை அதன் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை அதன் கவனத்தைத் திருப்பினார்கள். இச்செய்தியைப் பிள்ளைகளை நோன்பு பிடிக்கச் செய்வதற்கான ஆதாரமாக மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். எனக்கோ அந்தக் கம்பளிப் பொம்மையின் மீதே கண் செல்கிறது. நோன்பு வைத்திருந்த தாய், தன் பசியோடு உட்கார்ந்து, தன் கையால் அதைச் செய்திருக்கிறாள். பிள்ளை அழும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கிறாள். அழுததற்காக அதை அவள் அதட்டவில்லை.

இன்று நாம் கொடுக்கும் பொம்மை கைப்பேசி. அதைக் கொடுத்தால் பிள்ளை தாகத்தை மறந்துவிடுகிறது, உண்மைதான். நோன்பையும் சேர்த்தே மறந்துவிடுகிறது. கஞ்சிக்கான பாசிப்பருப்பில் கல் பொறுக்கச் சொல்லுங்கள். பூண்டு உரிக்கச் சொல்லுங்கள். அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு பள்ளிவாசல் கஞ்சி வரிசைக்கு அனுப்புங்கள். மாற்றுமத நண்பனும் அங்கே வாளியோடு நிற்பான். பேச்சு சுவைக்கும், பொழுதும் போகும்.

இவ்விடத்தில் தாய்மார்கள் கோபிக்காமல் இருந்தால் ஒன்று சொல்வேன். மகன் நோன்பு பிடித்தால் மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க வைக்கிறோம். அவனைவிட ஓராண்டே மூத்த மகள் அதே நோன்போடு அடுப்படியில் வாடாவுக்கு மாவு பிசைகிறாள். பெருநாள் காசு கொடுக்கும்போதும், "ஆம்பளப் புள்ள முப்பதும் பிடிச்சிருக்கான்" என்று அவனுக்கு ஐந்நூறு, அவளுக்கு நூறு. அவளும் முப்பது பிடித்திருக்கிறாள், எண்ணிப் பார்க்கத்தான் ஆளில்லை. முதல் நோன்புக்கு மாலை போட்டுப் படமெடுத்து உறவினருக்கெல்லாம் கைப்பேசியில் அனுப்பும் வழக்கமும் பரவிவிட்டது. படம் போன பிறகு அந்தப் பிள்ளை எப்படி நடுவில் தண்ணீர் கேட்கும்?

2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் ரமலான் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தேர்வுகளோடு மோதியது. 2026இன் ரமலான் பிப்ரவரியில் தொடங்கி மார்ச்சில் முடிவது. இனி அது ஜனவரிக்குள் செல்லும். 2030ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு முறை பிறை பார்ப்போம். 2033 வாக்கில் நவம்பர் அடைமழையில் குடைபிடித்துத் தராவீஹுக்குச் செல்வோம். 2026இல் ஏழு வயதான பிள்ளைக்கு அப்போது பதினான்கு வயது. அவனுக்குப் பழகும் காலம் முழுவதையும் அல்லாஹ் குளிர்ந்த மாதங்களில் வைத்திருக்கிறான். பிறகு நாம் ஏன் அவசரப்பட வேண்டும்? இந்த ஆண்டு லுஹர் வரை, அடுத்த ஆண்டு அஸர் வரை, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முழுதாக, என்று போகட்டும். மே மாதத்து நோன்பு மறுபடி வரும்போது ஆண்டு 2052. அவனுக்கு முப்பத்து மூன்று வயதாகியிருக்கும். அவன் மகன் ஸஹருக்கு எழுப்பச் சொல்லி அழுதுகொண்டிருக்கவும் கூடும்.

நோன்பு பிடிக்காத பிள்ளைக்கு ரமலானில் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். ஃபித்ரா, வீட்டிலுள்ள ஒவ்வொரு தலைக்கும் உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் உண்டு. ஒரு ஸாஉ, அதாவது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அரிசி. அரிசியாகவே கொடுக்கும் வீடுகளில், பெருநாள் இரவில் அதைப் பிள்ளைகளைக் கொண்டே அளக்கச் சொல்லுங்கள். "இது அத்தாவுக்கு, இது நன்னிக்கு, இது பாப்பாவுக்கு" என்று சொல்லிச் சொல்லி அளப்பார்கள். கொஞ்சம் சிந்தும், பெருக்கிக்கொள்ளலாம். பிறகு அந்தப் பையை யார் சுமந்து செல்வது என்று சண்டை வரும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிய ஆட்டுக்குப் பெயர் வைத்துவிடும் பிள்ளைகளைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.