திருநாளும் பெயரும்

மனிதன் இவ்வுலகில் பெறும் முதற்கொடை உயிர். அடுத்த கொடை பெயர். உண்பதையும் உடுப்பதையும் செய்தொழிலையும் வளர்ந்தபின் அவனே தேர்ந்துகொள்கிறான். பெயரை மட்டும் அவனுக்காகப் பிறர் தேர்கின்றனர். அதுவும் அவன் வாய் திறந்து மழலை பேசுமுன்பே தேர்ந்துவிடுகின்றனர். பெயரை உடையவன் அதனைச் சொல்வது சில பொழுதே. பிறர் சொல்வதோ பல பொழுது. பள்ளிப் பதிவேட்டிலும் திருமண ஓலையிலும் அலுவலகக் கோப்பிலும் அப்பெயரே அவனுக்கு முன்னே நடந்து செல்கிறது. ஆதலின் பெயரிடுதல் சிறு செயல்போலத் தோன்றினும் பொறுப்பு மிக்க செயலேயாகும்.

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். பனி பெய்யும் இந்நான்கு திங்களும் திருநாள்கள் நிறைந்தவை. மார்கழியில் திருவாதிரை, தையில் பொங்கலும் பூசமும், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம் என விழாக்கள் தொடர்ந்து வருகின்றன. இவை நேற்றுத் தோன்றியவை அல்ல. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்திலேயே ஆதிரை நாளும், தைப்பூசமும், மாசிக் கடலாட்டும், பங்குனி உத்திரமும் இடம்பெற்றுள்ளன. கிறித்தவர் கொண்டாடும் கிறிஸ்துமஸும், உலகினர் பலர் கொண்டாடும் சனவரிப் புத்தாண்டும் இப்பனிக்காலத்திலேயே வருகின்றன.

இத்தகைய நன்னாளில் ஒரு வீட்டில் மகவு பிறந்தால் மகிழ்ச்சி இரட்டிப்பாகிறது. அந்நாளின் பெயரையே குழந்தைக்கும் இடலாம் என்னும் ஆவல் எழுகிறது. அவ்வாறு இடுதல் தக்கதா? ஒரு நாளில் வந்து மறையும் விழாவின் பெயரை ஓர் உயிர் தன் வாழ்நாள் முழுவதும் சுமத்தல் முறையா? இவ்வினா எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிறந்த நாளைக்கொண்டு பெயர் வழங்குதல் உலகெங்கும் உள்ள வழக்கமே. ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையையே பெயராக இடுவர். வெள்ளிக்கிழமையில் பிறந்த ஆண்மகன் கோபி. சனிக்கிழமையில் பிறந்தவன் குவாமே. ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளராக விளங்கிய கோபி அன்னான் 1938 ஆம் ஆண்டு ஏப்பிரல் 8 ஆம் நாள், வெள்ளிக்கிழமையில் பிறந்தவரே. ஆங்கில நாடக ஆசிரியர் நோயல் கவர்ட் 1899 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் பிறந்தார். கிறிஸ்துமஸ் அண்மையில் இருந்தமையால், அவ்விழாவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகிய நோயல் என்பதே அவருக்குப் பெயராயிற்று. தமிழகத்தை அடுத்திருந்த திருவிதாங்கூரில் மன்னர்கள் பிறந்த விண்மீனால் அழைக்கப்பெற்றனர். இசைவல்லுநராகிய சுவாதித் திருநாளும், 1936 ஆம் ஆண்டில் கோயிற்கதவுகளை இந்துக்கள் எல்லார்க்கும் திறந்துவிட்ட சித்திரைத் திருநாளும் அவ்வாறு பெயர் பெற்றவர்களே. ஆகவே, நாளாற் பெற்ற பெயர் இழிந்த பெயர் என்று ஒருவரும் கூற இயலாது.

எனினும், நாளைப் பெயராக இட்ட எல்லாரும் மகிழ்ச்சியினால் இட்டனர் என்று கொள்ளுதலும் தவறு. உயர்ந்த பொருளுடைய பெயர்களைச் சில குடியினர் சூட்டிக்கொள்ள இயலாதவாறு தடுத்த கொடுமை இந்நாட்டில் இருந்ததுண்டு. அக்குடியினரின் பிள்ளைகளுக்குப் பிறந்த கிழமையும் அமாவாசையும் பெயராயின. பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீடுகளிலோ, பிறந்த மகவைக் குப்பைமேட்டில் இட்டு எடுத்துக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயரிட்டனர். எளிய பெயரைக் கேட்டால் கூற்றுவன் கண்ணெடுத்துப் பாரான் என்று நம்பினர். அப்பெயர்களுக்குப் பின்னால் தாயர் சிந்திய கண்ணீர் உண்டு. எனவே, அன்பினால் இட்ட நாட்பெயர் வேறு. உரிமையின்மையாலும் அச்சத்தாலும் இட்ட நாட்பெயர் வேறு. இக்காலத்தில் எப்பெயரையும் எவரும் இடலாம். அவ்வுரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது என்பதை அறிந்தவர் அதனை விளையாட்டாகக் கருதார்.

விழாவின் பெயரை இடுவோர் கருதவேண்டிய மற்றொன்று, காலமும் இடமும் மாறுவன என்பதாகும். இசுலாமியர் சந்திரனைக்கொண்டு திங்களைக் கணிப்பவர். அவ்வாண்டு ஞாயிற்றாண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்தது. ஆதலின் அவர்தம் நோன்புத் திங்களாகிய ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுற்றிவரும். 1999 ஆம் ஆண்டில் டிசம்பர்த் திங்களில் தொடங்கிய ரமலான், 2015 ஆம் ஆண்டில் சூன் திங்களில் தொடங்கியது. பனியிரவில் பிறந்து ரமலான் என்று பெயர்பெற்ற மகன், தன் பதினாறாம் அகவையில் அந்நோன்பைக் கோடையில் நோற்றிருப்பான். அதனால் அவன் பெயருக்கு வந்த குறை ஒன்றுமில்லை. அப்பெயர் உணர்த்துவது பனியை அன்று, நோன்பையே ஆகும்.

1497 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் வாஸ்கோட காமா தென்னாப்பிரிக்கக் கரையோரமாகக் கலஞ்செலுத்தினார். கண்ட கரைக்குப் பிறப்பு விழாவைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லால் நட்டால் என்று பெயரிட்டார். அந்நிலத்தில் டிசம்பர்த் திங்கள் கோடைக்காலம். 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் முதலியோர் கால்வைத்த மண்ணும் அதுவே. அதே போர்த்துகீசியச் சொல்லே இலங்கைத் தமிழில் நத்தார் என வழங்குகிறது. ஒரு விழாவின் பெயர் கடல் கடந்தும், பருவம் மாறியும், பேசுவோர் மாறியும் நிலைத்தமை இதனால் விளங்கும். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் திருவிழா ஆகஸ்டு 5 ஆம் நாள் நடைபெறுகிறது. உரோமை நகரில் ஒரு கோடைநாளில் பனி பெய்தது என்னும் பழங்கதையே அப்பெயருக்குக் காரணம். உப்பு விளையும் அக்கடற்கரையில் உறைபனி விழுவதே இல்லை. ஆயினும் அப்பெயரை அங்குள்ளோர் தம் உயிரினும் மேலாகப் போற்றுகின்றனர். பருவத்தைக் கடந்த பொருள் ஒன்று பெயரில் இருக்குமாயின் அப்பெயர் வாழும். பருவம் மட்டுமே இருக்குமாயின் பருவத்தோடு தேயும்.

இதனை ஓர் இல்லத்துக் காட்சியால் விளக்கலாம். சனவரி முதல் நாள், விடியுமுன், ஒரு வீட்டில் பெண்மகவு பிறக்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு இன்னும் இரண்டு நாளே உள்ளது. தொட்டிலைச் சூழ்ந்து சுற்றத்தார் அமர்கின்றனர்.

“சனவரி என்றே பெயரிடுவோம், இவள் பிறந்த நாளை ஒருவரும் மறவார்” என்கிறார் தாய்மாமன்.

“அண்ணா, சூலைத் திங்களிலும் இவளைச் சனவரி என்றுதானே அழைக்க வேண்டும்?” என்று தாய் சிரித்துக்கொண்டே கேட்கிறாள்.

“களி கிண்டும் நாள் நெருங்கி வரும்போது பிறந்தவள், ஆதிரை என்று வையுங்கள்” என்கிறார் ஆச்சி.

“அத்தை, அதுவும் ஒரு நாளின் பெயர்தானே?” என்று தாய் வினவுகிறாள். ஆச்சி விடை தேடுகிறார். அப்போது திண்ணையில் இருந்த தாத்தா எழுந்து உள்ளே வருகிறார்.

“அம்மா, ஆதிரை நாளின் பெயர் மட்டுமன்று, விண்மீனின் பெயர். இப்பனிக்கால இரவில் கீழ்வானில் செந்நிறமாய் ஒளிர்வது அது. அன்றியும், மணிமேகலையில் ஆதிரை என்பாள் ஒருத்தி வருகிறாள். அவள் கணவன் சாதுவன் சூதில் பொருளிழந்து, பொருள்தேடக் கடல் கடந்து சென்றான், கலம் உடைந்தது. அவன் இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்கியவளைத் தீயும் சுடவில்லை. பின்னர்க் கணவனும் மீண்டு வந்தான். மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி வந்தபோது அதில் முதற்பிச்சை இட்டவள் அவ்வாதிரையே. அவள் இட்ட சோறு ஊரார் பசியைத் தீர்த்தது” என்கிறார்.

தாய் சிறிது நேரம் பேசாதிருக்கிறாள். பின்னர், “தீயில் இறங்கியதற்காக வேண்டா, மாமா, பசித்தோர்க்கு முதலிற் சோறு இட்டதற்காக அப்பெயரையே வைப்போம்” என்கிறாள்.

இங்கே நிகழ்ந்தது யாது? விழா, பெயருக்கு வாயிலாக மட்டும் அமைந்தது. வாயிலிலேயே நின்றுவிடாமல் அதன் வழியே உட்சென்று ஒரு நற்பொருளைக் கண்டனர். நாளை அச்சிறுமி வளர்ந்து, “எனக்கு இப்பெயர் ஏன் இட்டீர்கள்?” என்று கேட்பாள். “நீ பிறந்தபோது ஊரில் விழா நடந்தது” என்பது அரைவிடை. “ஈகையிற் சிறந்தவள் ஒருத்தியின் பெயர் உனக்கு வாய்த்தது” என்பதே முழுவிடை. இம்முழுவிடையைப் பிள்ளைக்குத் தரவல்ல பெயரே தேரத்தக்கது. கிறிஸ்துமஸ் நாளிற் பிறந்தவனுக்குக் கடவுள் உடனிருத்தலை உணர்த்தும் இம்மானுவேல் என்னும் பெயரும், பனிக்காலத்துப் பிறந்தவளுக்குப் பனிமலர் என்னும் தமிழ்ப்பெயரும் இவ்வாறே பொருளால் நிலைப்பவை.

எனவே, திருநாட் பெயரை இட விரும்புவோர் மூன்றனை நோக்குதல் வேண்டும். அப்பெயருக்கு அந்நாள் கடந்தும் நிற்கும் பொருள் உண்டா என்பது ஒன்று. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும், தலைநரைத்த முதியோர்க்கும் அது ஒருங்கே பொருந்துமா என்பது மற்றொன்று. அழைப்போர் நாவிற்கும் கேட்போர் செவிக்கும் இனிதாய், திரித்துக் கூற இடந்தராததாய் உள்ளதா என்பது மூன்றாவது. விழாவின் ஆரவாரத்தில் இவற்றை எண்ணிப் பார்க்க நேரமிராது. அதனால் விரைதல் வேண்டா. 1969 ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பினை 21 நாள்களுக்குள் அறிவித்தல் வேண்டும். ஆயினும் பெயரைப் பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டிற்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். சட்டமே பொறுத்திருக்கும்போது சுற்றத்தார் சில நாள் பொறுத்தல் ஆகாதா?

நன்னாளில் பிறந்ததும் அந்நாட் பெயரைப் பெற்றதும் ஒருவரை உயர்த்திவிடும் என்று எண்ணுதலும் பேதைமையே. அறிவியலறிஞர் ஐசக் நியூட்டன், இங்கிலாந்தில் அக்காலத்து வழங்கிய நாட்காட்டியின்படி 1642 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளிலேயே பிறந்தார். அவருக்கு அவ்விழாவின் பெயரை இடவில்லை. அவர் பிறப்பதற்குச் சில திங்கள் முன்பே இறந்துபோன தந்தையின் பெயரையே இட்டனர். ஊரெல்லாம் விழாக் கொண்டாடிய நாளில் கணவனை இழந்த ஒரு தாய்க்கு நினைவில் நின்ற பெயர் அதுவே போலும். அவரவர் இல்லத்து இன்பமும் துன்பமும் அறிந்து இட்ட பெயரைப் பிறர் குறைகூறுவதற்கு இடமில்லை. அப்பெயர் பின்னர் ஒளிபெற்றது பிறந்த நாளால் அன்று. அவர் செய்த ஆராய்ச்சியால்.

பள்ளியிற் பயிலும் இளைஞர்க்கு இதில் ஒரு கடமையும் உண்டு. வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது, வழக்கில் இல்லாத ஒரு பெயர் ஒலித்தால் நகைப்பவர் சிலர் உளர். அமாவாசை என்றோ, பிச்சை என்றோ, பிற மொழித் திருநாளின் பெயராகவோ அஃது இருக்கலாம். அப்பெயரை அம்மாணவன் தேர்ந்துகொள்ளவில்லை. அவனை ஈன்றவர் அன்போடு அளித்தனர். அதனை நகைப்பது அவனை மட்டுமன்று, அவன் பெற்றோரையும் நகைப்பதாகும். சிறுவயதிற் பட்ட அப்புண் நெடுநாள் ஆறாது. அந்நகைப்பிற்கு அஞ்சி, தன் பெயரைச் சொல்லக் கூசித் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகள் எத்துணையோ பேர்!

பெயரிடுதல் பெற்றோர் கடமை. அப்பெயரைப் பிழையின்றி, அன்போடு அழைத்தல் உடன்வாழ்வோர் கடமை. அதற்குப் பெருமை தேடித் தருதல் பெயரைப் பெற்றவர் கடமை. இம்மூன்றும் நிறைவேறும்போது, விழாப் பந்தல் பிரித்த பின்பும், பனி நீங்கி வேனில் வந்த பின்பும், அத்திருநாட் பெயர் பொலிவு குன்றாமல் விளங்கும்.