ஆர்.சி. புத்தகத்தில் பேர் இருந்தால் முதலாளியா?

குமரி மாவட்டத்து முட்டம் துறைமுகத்தில் மீன் ஏற்றக் காத்திருக்கும் ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே இது வந்துவிடும்: "எத்தனை காலம்தான் அடுத்தவன் வண்டியை ஓட்டுறது? ஒரு வண்டி எடுத்துட்டா நாமளும் முதலாளிதான்." பெண் கேட்டுப் போகிற வீட்டில்கூடச் சொந்த வண்டி என்றால் தனி மரியாதை. நல்ல உழைப்பாளிகளைக் கடனில் தள்ளுகிற நம்பிக்கை இது.

முதலாளி என்றால் விலை சொல்பவன். மீன் வண்டிக்காரர் எதற்கு விலை சொல்கிறார்? வாடகையை, மீனை ஏலம் எடுத்த வியாபாரி சொல்கிறார். டீசல், டயர், எஃப்.சி. எதிலும் வண்டிக்காரர் வார்த்தை எடுபடாது. 7.5 டன்னுக்கு மேல் 12 டன் வரையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் ஆண்டுக்கு 27,186 ரூபாய் என்று 2022 ஜூன் முதல் அரசு நிர்ணயித்தது. படகு கரைசேரத் தாமதமானால் தெர்மோகோல் பெட்டிக்கு அடியில் ஐஸ் தண்ணீர் ஒழுக வண்டி நிற்கும். அந்த நேரத்துக்குக் காசு இல்லை. ஆனால் விடியுமுன் கேரளச் சந்தையில் இறக்கியாக வேண்டும். துறையில் போன நேரத்தைக் களியக்காவிளை எல்லை தாண்டித் தூக்கத்தை விழுங்கித்தான் ஈடுகட்டுகிறார். மீன் பதம் கெட்டால் வாடகையில் பிடித்தம்.

இனித் தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. 10 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 5 ஆண்டு என்று வையுங்கள்: மாத டியூ ஏறக்குறைய 22,250. விசைப்படகு மீன் வராத இரண்டு மாதத்துக்கு 44,500 ரூபாய். பயணத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலி ஓட்டுநருக்கும் அப்போது வருமானம் போகிறது, உண்மைதான். ஆனால் அவர் ஜல்லி லாரிக்கோ ரப்பர் லோடுக்கோ ஏறிப் போய்விடலாம். அவர் வீட்டு வாசலில் பைனான்ஸ்காரர் வந்து நிற்கமாட்டார்.

விபத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சம்பள ஓட்டுநருக்கு வேலையில் கால் முறிந்தால் மருத்துவச் செலவும், படுத்திருக்கும் காலத்துக்கு மாதச் சம்பளத்தில் பாதியும் முதலாளி பொறுப்பு. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வழியாக வந்த உரிமை இது. சொந்த வண்டிக்காரருக்கு? பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உயிரோ உறுப்போ போனால்தான் பேசும். மூன்று மாதத்தில் கூடிவிடும் எலும்புக்கு அதில் இடமில்லை. வண்டி நிற்கும், டியூ நிற்காது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுக லாரி ஓட்டுநர்களும் சொந்த வண்டியால் இதே பாடு பட்டார்கள். 'நீ சுயதொழில் செய்பவன்' என்று சொல்லி, நிறுவனங்கள் லாரியை அவர்கள் தலையில் கட்டி, தவணையைக் கூலியில் பிடித்தன. கலிபோர்னியா 2019இல் ஏபி5 சட்டம் கொண்டுவந்தது: சுயதொழில் என்று சொல்கிற நிறுவனம்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

கையில் முதலும், ஆண்டு முழுக்க உறுதியான லோடும், இரண்டு மாதம் தாங்கும் சேமிப்பும் உள்ளவர் வண்டி எடுக்கட்டும். மற்றவர்களை இந்த நம்பிக்கை வேறொரு வழியிலும் ஏமாற்றுகிறது. நாளைக்கு முதலாளி ஆகப்போகிறோம் என்று நினைப்பவர் இன்றைக்குத் தொழிலாளியாகக் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் போக்குவரத்து நிறுவனத்தில் நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று 1961லேயே சட்டம் வந்தது. எத்தனை ஓட்டுநருக்கு அது தெரியும்? சம்பளச் சீட்டு, காத்திருக்கும் நேரத்துக்குப் படி, 10 பேர் உள்ள இடத்தில் ஈ.எஸ்.ஐ., மாறி மாறித் தூங்க இரண்டாவது ஓட்டுநர்: இவற்றைத்தான் முட்டத்தில் சேர்ந்து நின்று கேட்க வேண்டும். மீனை ஐஸில் வைத்துவிட்ட வியாபாரி அதிக நேரம் மறுத்துக்கொண்டிருக்க முடியாது.